ஹெரால்டு ஏலமும் கிணற்று வழக்கும்

எங்கள் வீட்டில் ஒழுகாத கூரை ஒன்றுதான் உண்டு. அது கார் நிற்கிற கொட்டகையின் கூரை. நாங்கள் படுக்கிற அறை மழை வந்தால் இரண்டு இடத்தில் சொட்டும். கார் மேல் ஒரு துளி விழாது. இதை என் கணவர் மோகன்குமாரிடம் கேட்டால், "அதுக்கு வாய் இல்ல சசி, ஒயுவுதுன்னு சொல்ல முடியாதுல்ல" என்பார். எனக்கு வாய் இருக்கிறது, அதனால் நான் நனையலாம் என்று அர்த்தம்.

கார் என்றால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. என் மாமனார் பெருமாள் ஒரு காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது. வெளிறின நீல நிறம், இரண்டே கதவு. அதில் இடது கதவை எருமை முட்டிவிட்டதால் திறக்காது. மாமனார் போன பிறகு என் கணவர் அதை ஒவ்வொரு ஞாயிறும் துடைத்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார். போகும்போது ஓட்டுவார், வரும்போது பெரும்பாலும் தள்ளுவார்.

எனக்கு அந்தக் கொட்டகை வேண்டும். அங்கே மாவு மில் வைக்க வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைவு, அது எனக்கு வெறி. எங்கள் ஊரிலும் பக்கத்தில் காவாந்தண்டலத்திலும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: அரிசி, மிளகாய், கேழ்வரகு எது அரைப்பதானாலும் தூக்கு பையைச் சுமந்துகொண்டு ஷேர் ஆட்டோ ஏற வேண்டும். டவுன் மில்காரன் மிளகாய் அரைத்த மெஷினிலேயே நம் அரிசியைக் கொட்டுவான். கேட்டால் முறைப்பான். நான் இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து மூன்று ஃபேஸ் கரண்ட் வாங்கிவிட்டேன். மீட்டரும் கொட்டகைச் சுவரில் ஏறிவிட்டது. மெஷின் புதன்கிழமை வருகிறது. அன்றைக்கு இடம் காலியாக இல்லாவிட்டால் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஷாரோன் வந்தாள். எங்கள் ஊர் ஞானதாஸின் மகள். சென்னையில் பழைய கார்களை ஏலம் விடுகிற ஒரு கம்பெனியில் வேலை. மானாம்பதி ரோட்டில் ஒரு பணக்காரரின் பண்ணையில் ஞாயிற்றுக்கிழமை ஏலம் நடக்கப்போகிறது என்றாள். பழைய கார்மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்களாம்.

"நம்ப ஹெரால்ட கூட சேத்துக்கலாம் அக்கா. ஆனா ஒண்ணு, இன்னா இன்னா கொற கீதோ எல்லாத்தையும் எழுதி குடுக்கணும். மறச்சி வித்தா பொறுப்பு நம்ப தலையில தான்."

என் கணவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். காபி ஆறிப்போனது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா ஒண்ணும் எழுதல?" என்றேன்.

"கொறன்னு ஒண்ணும் தோணலியே."

"லெப்டு கதவு?"

"அது கொறயா? கொயந்திங்க தொறந்து வியாது. சேப்டி."

நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரைப் பற்றிப் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. கதவு திறக்காது. வைப்பர் ஒன்றுதான் ஆடும், அதுவும் வெயிலில்தான் நன்றாக ஆடும். ஹாரன் அடித்தால் முன் விளக்கு எரியும். ரிவர்ஸ் விழாது, விழுந்தால் எடுக்க வராது. பின் சீட்டில் ஸ்பிரிங் குத்தும், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. இரண்டு பக்கம் நிரம்பி, பக்கத்தில் கிடந்த நோட்டின் பின்னட்டைக்கு வந்துவிட்டேன். ஷாரோன் படித்துவிட்டு, "அக்கா, விக்கணும்னு ஆச கீதா இல்லியா?" என்றாள். இருந்தது. அதனால்தான் குறைந்தபட்ச விலையாக வெறும் ஒரு லட்சம் போடச் சொன்னேன்.

இப்போது பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு என் கணவரின் சித்தப்பா சேட்டுவின் வீடு. என் மாமனாரின் சொந்தத் தம்பி. எங்கள் நிலத்துக்கும் அவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு கிணறு. மாமனார் இருந்தவரை அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதில் தண்ணீர் இறைத்தார்கள், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவர் போனதும் யாருக்கு எத்தனை நாள் மோட்டார் போடுவது என்று தகராறு வந்தது. வாய்ச்சண்டை பஞ்சாயத்து ஆகி, பஞ்சாயத்து காஞ்சிபுரம் கோர்ட்டு ஆகிவிட்டது. சித்தப்பா வாதி, என் கணவர் பிரதிவாதி. ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. எங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சித்தப்பா தன் மாட்டிடம் சொல்வார். "நாளிக்கி கரண்ட் இல்லியாம், இன்னிக்கே தண்ணி பாச்சிக்க" என்று அவர் மாட்டைத் திட்டினால் நாங்கள் போய் மோட்டார் போடுவோம். அவர் மனைவி ராணியம்மாள் மட்டும் என்னிடம் பேசுவார், அதுவும் சித்தப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வாடகை வேன் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மாமரங்களுக்கு அடியில் வரிசையாகக் கார்கள், எல்லாம் பளபளவென்று இருந்தன. எங்கள் ஹெரால்டு அவற்றின் நடுவில் கல்யாண வீட்டுக்கு வயல் வேலை உடுப்போடு வந்தவரைப் போல நின்றது. என் கணவர் கைக்குட்டையை எடுத்து மறுபடியும் துடைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது, பார்க்காத மாதிரி நின்றேன்.

எங்கள் காரைப் பார்க்க வந்தது ஒரே ஒருவர்தான். தாம்பரத்தில் பல் டாக்டர், பெயர் வெங்கடேசன். அவரிடம் ஏற்கெனவே இரண்டு ஹெரால்டு இருக்கிறதாம். காரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், விரலை மடக்கி இங்கே அங்கே தட்டினார், அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு உள்ளே புகுந்தார். வெளியே வந்து நான் எழுதின குறைகளை முழுக்கப் படித்தார்.

"இதுல எழுதாதது ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருந்தா அதயும் எழுதி இருப்பேன் சார்" என்றேன்.

சிரித்தார். ஆனால் தள்ளிப் போய் மற்றவர்களிடம், "உதிரி பாகத்துக்குத்தான் ஆகும்" என்று உதட்டைப் பிதுக்கியதை நான் பார்த்தேன். வாங்க நினைக்கிறவன்தான் அப்படிப் பேசுவான். சந்தையில் மாடு பிடிக்கிற இடத்திலும் இதேதான்.

பத்து மணிக்கு ஏலத்தை நடத்துகிற பிரபா மேடம் மைக்கைப் பிடித்தார். கொஞ்சம் கண்டிப்பான அம்மா. விற்கிறவர் குறையை மறைக்கக் கூடாது. வாங்குகிறவர் பார்த்துத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். சுத்தியல் விழுந்த பிறகு முடியாது என்று பின்வாங்கக் கூடாது. விற்கிறவரோ அவரைச் சேர்ந்தவர்களோ தங்கள் காருக்குத் தாங்களே விலை கேட்கக் கூடாது, கேட்டால் விற்பனை ரத்து. இதையெல்லாம் தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னார்.

அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். சலவை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. பக்கத்தில் ராணியம்மாள் சின்ன அத்தை. சேட்டு சித்தப்பா கையில் ஏலம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற நம்பர் அட்டையை வைத்துக்கொண்டு, அதால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சிரிக்க வந்து கீறாரு" என்றேன் என் கணவரிடம். "அண்ணன் காரு வெல போவாம நிக்கறத பாத்துட்டு போலாம்னு வந்து கீறாரு."

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். திரும்பியும் பார்க்கவில்லை.

எங்கள் கார் முறை வந்தது. பிரபா மேடம் ஒரு லட்சத்தில் ஆரம்பித்தார். யாரும் கையைத் தூக்கவில்லை. மறுபடியும் சொன்னார். பல் டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் கொட்டாவி விட்டான். நான் எழுதின குறைகளைத் திரையில் வேறு போட்டிருந்தார்கள், பின்னட்டை உட்பட. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கார் போக வேண்டும் என்று இத்தனை வருடம் தவம் கிடந்தவள் நான். ஆனால் அந்த நிமிஷம் அது அத்தனை பேர் நடுவில் கேட்பாரில்லாமல் நின்றபோது நானும் தலையைக் குனிந்துகொண்டேன். ரொம்ப அவமானமாக இருந்தது.

"லட்சத்து ஒண்ணு."

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. கூட்டம் சிரித்தது.

"ஐயா, குறைஞ்சது அஞ்சாயிரம் ஏத்தணும்" என்றார் பிரபா மேடம்.

"செரி. லட்சத்தி அஞ்சாயிரத்து ஒண்ணு."

அந்த ஒரு ரூபாயை விடமாட்டேன் என்று நின்றார். எங்கள் ஊரில் ஏலம் என்றால் அப்படித்தான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றின பிறகு புடவை, எலுமிச்சம்பழம், பானை எல்லாம் ஏலம் விடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் கொடுத்ததாக இருக்கும். கொடுத்த வீட்டுக்காரர்தான் முதல் விலை கேட்க வேண்டும். கொடுத்தவனே வாய் திறக்காத பொருளை வேறு யார் மதிப்பார்கள் என்பது எங்கள் ஊர் நியாயம். வீட்டுக்காரர் கேட்க முடியாத நிலை என்றால் பங்காளி கேட்க வேண்டும். சண்டைக்காரப் பங்காளியானாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த மேடம் சொன்ன சட்டத்துக்கு நேர் எதிர். சித்தப்பாவுக்கு இந்தச் சட்டம் இரண்டு பாஷையிலும் காதில் விழுந்திருக்கும். மனதில் ஏறியிருக்காது.

பல் டாக்டர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அட்டையைத் தூக்கினார். சித்தப்பா ஏற்றினார். டாக்டர் ஏற்றினார். முதல் கேள்வியோடு சித்தப்பா நிறுத்தியிருக்கலாம், மரியாதை முடிந்தது. ஆனால் டாக்டர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டார். அந்தப் பார்வை போதும் எங்கள் வீட்டு ஆண்களுக்கு. சின்ன அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுப்பது எனக்குத் தெரிந்தது. அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றே கேட்க ஆரம்பித்தார். கடைசியில் டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அட்டையை மடியில் வைத்தார். இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஒரு ரூபாய்க்குச் சுத்தியல் விழுந்தது.

நான் சந்தோஷத்தில் என் கணவர் கையைக் கிள்ளிவிட்டேன். கேஸ் போட்ட மனுஷன் எங்களைச் சேர்ந்தவர் கணக்கில் வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கார் போகிறது, கொட்டகை காலி. அதுவும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது, என் கணவர் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சித்தப்பா அதை எங்கே நிறுத்துவார், மாட்டை எங்கே கட்டுவார் என்பதெல்லாம் அவர் பாடு.

சந்தோஷம் பணம் கட்டுகிற மேஜை வரைக்கும்தான். அங்கே பல் டாக்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், வித்தவர் அட்ரஸ் பெரிய தெரு பதினாலு. வாங்குனவர் அட்ரஸ் பதினாலு ஏ. ஆர்.சி. புக்குல இருக்கிற பெருமாளோட அப்பா பேரும் இவர் அப்பா பேரும் ஒண்ணு. என்ன மேடம் நடக்குது இங்கே? விலையை ஏத்திவிடறதுக்கு ஆளை உட்கார வச்சிருக்காங்க."

பிரபா மேடம் ஷாரோனைப் பார்த்தார். ஷாரோன் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே கஷ்டமாக இருந்தது.

"அவரு சாருக்கு சித்தப்பா தான் மேடம்" என்றாள். "என்னால மறைக்க முடியாது. ஆனா ரெண்டு குடும்பமும் பேசிக்கறதே இல்ல. கோர்ட்ல கேஸ் நடக்குது."

"கேஸா?"

"கிணத்து கேஸ்" என்றேன் நான். "ஏழு வருசமா மேடம். காஞ்சிபுரத்துல வந்து யார வேணா கேளுங்க. வக்கீல் நம்பர் தரட்டுமா?"

ஒரு குடும்பம் தன் வழக்கை இத்தனை பெருமையாக எடுத்துக் காட்டியதை அந்த மேஜை பார்த்திருக்காது. பிரபா மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு, கோர்ட்டில் சண்டை போடுகிறவர்கள் கூட்டு சேர்ந்து விலை ஏற்ற மாட்டார்கள் என்பதை ஒத்துக்கொண்டார். இதற்கென்றே அச்சடித்த காகிதம் ஒன்று இருக்கிறது, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும், கார் சேட்டுவுக்கு என்றார். போடாவிட்டால் விற்பனை ரத்து, காரை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

காகிதத்தில் இரண்டே வரி. எங்களுக்குள் எந்த உறவும் இல்லை. விலை பற்றி எங்களுக்குள் எந்தப் பேச்சும் நடக்கவில்லை.

நான் பேனாவை வாங்கி உடனே போட்டேன். என் கணவர் ஒரு நிமிஷம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் முழங்கையால் இடித்ததும் போட்டார். ஷாரோன் காகிதத்தைச் சித்தப்பா பக்கம் திருப்பி வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். பேனாவைக் கையில் எடுத்தார். மறுபடியும் கீழே வைத்தார்.

"ரெண்டாவது வரி நெசம். அதுக்கு போடறேன். மொத வரிய அடிச்சிடு பொண்ணு."

"அடிக்க முடியாதுங்க ஐயா" என்றார் பிரபா மேடம். "அச்சடிச்ச ஃபார்ம். சும்மா ஒரு வரிதான், கையெழுத்துப் போட்டா காரு உங்களுக்கு."

"காரு கெடக்குது மேடம். உறவு இல்லன்னு எப்டி போடுவேன்? அவன் என் அண்ணன் புள்ள."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஏழு வருடமாக முகம் பார்க்காத மனுஷன், என் கொட்டகை காலியாகிற நேரத்தில்தானா உறவு கொண்டாட வேண்டும். "இன்னா சின்ன மாமா பேஜாரு பண்றீங்க?" என்றேன். "கோர்ட்ல எங்கள ஆவாதவங்கன்னு சொல்லிக்கினு, இங்க வந்து அண்ணன் புள்ளன்றீங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். மாடு நடுவில் இல்லாமல் என்னிடம் நேராகப் பேசினார்.

"கோர்ட்ல இன்னா எய்தி கீறேன்னு வக்கீல கேட்டு பாரு மருமவளே. பிரதிவாதி என் கூட பொறந்த அண்ணன் மகன்னு தான் மொத வரியே கீது. தண்ணி வோணும்னு தான் கேஸு போட்டேன். உறவு வோணாம்னு போடல."

பல் டாக்டர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். என் கணவர் மெதுவாகக் குனிந்து காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார், அப்புறம் அதே இடத்தில் இன்னொரு கோடு. அவர் கண் கலங்கியிருந்தது. பேனாவை என்னிடம் நீட்டவில்லை, மேஜை மேல் வைத்தார், அவ்வளவுதான்.

புதன்கிழமை வரவேண்டிய மெஷின் என் கண் முன்னால் வந்து நின்றது, அப்படியே திரும்பியும் போனது. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் சசிரேகா என்று என் பெயர் மட்டும் தனியாக இருப்பதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. பேனாவை எடுத்து நானும் அடித்தேன். கொஞ்சம் அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்தது.

"மேடம்" என்றார் பல் டாக்டர். "இவர் பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தா நானே கேஸ் போட்டிருப்பேன். போடலை. எல்லாத்தையும் மைக்ல சொல்லிட்டு மறுபடியும் ஏலம் விடுங்க. அவர் மட்டும் கேக்கக் கூடாது."

ரொம்ப நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கார் வேண்டும், அதுவும் சித்தப்பா இல்லாத விலைக்கு வேண்டும். ஆனாலும் அவர் அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். பிரபா மேடம் ஷாரோனோடு ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, சரி என்றார். யாரும் எதையும் மறைக்காததால் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம். கடைசிக் காராக எங்கள் காரை மறுபடி விடுவது, சித்தப்பாவின் நம்பர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது.

"வாய தொறந்தீங்கன்னா காரு எங்க வூட்டுக்கே வந்துடும் சின்ன மாமா" என்றேன்.

"தொறக்க மாட்டேன்" என்றார். நம்பிக்கை இல்லாமல் துண்டின் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் மைக்கில் ஷாரோன்தான் சொன்னாள். இந்தக் காரை இவருடைய சித்தப்பா இரண்டேகால் லட்சத்துக்குக் கேட்டார், உறவுக்காரர் என்பதால் அந்தக் கேள்வி செல்லாது, அவர் மறுபடி கேட்க மாட்டார், நடந்தது இவ்வளவுதான் என்று ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டாக்டர் ஒரு லட்சத்தில் ஆரம்பித்து முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் சண்டைக்காரச் சித்தப்பாவே இரண்டேகாலுக்குக் கேட்ட கார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று கூட்டத்துக்குத் தோன்றிவிட்டது. வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு ஆள் ஏற்றினார். கொட்டாவி விட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்து அவனும் ஏற்றினான். டாக்டர் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையைத் தூக்கினார். கொஞ்சம் தயங்கினால் பின்னாலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். சின்ன அத்தை உடனே சித்தப்பாவின் துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவார். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்துக்குக் கார் டாக்டருக்குப் போனது. முதல் ஏலத்தோடு பார்த்தால் முப்பதாயிரத்து ஒரு ரூபாய் நஷ்டம். ஒரு சித்தப்பாவுக்கு முப்பதாயிரம் கொஞ்சம் அதிகம்தான் என்று அங்கேயே சொன்னேன், சித்தப்பா காதில் விழும்படியாகத்தான்.

சாவி கொடுக்கும்போது என் கணவர் டாக்டரை விடவில்லை. காலையில் எந்தப் பக்கம் சரித்து நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகும், எந்த இடத்தில் தட்டினால் விளக்கு எரியும் என்று ஒரு மணி நேரம் பாடம். "லெப்டு கதவ மட்டும் தொறக்க பாக்காதீங்க சார்" என்றார்.

"எழுதியிருக்கீங்களே" என்றார் டாக்டர். "கெட்டியா இருக்கிற பல்லை நான் அசைக்கறதில்லை."

கார் கேட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். சித்தப்பாவும் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. கார் போன பிறகும் இரண்டு பேரும் கேட்டையே பார்த்தார்கள்.

"எதுல வந்த சித்தப்பா?" என்றார் என் கணவர்.

"ஷேர் ஆட்டோல."

"வேன் காலியா கீது. ஏறு."

ஏறினார்கள். உத்திரமேரூர் தாண்டுவதற்குள் கிணறு ஆரம்பித்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் எனக்கு, நான்கு நாள் உனக்கு என்பது எந்த ஊர் நியாயம் என்றார் சித்தப்பா. வாழை வைத்தவனுக்கு நான்கு நாள் வேண்டும் என்றார் என் கணவர். வாழையை யார் வைக்கச் சொன்னது என்றார் அவர். ஏழு வருடம் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே வழியில் பேசித் தீர்த்தார்கள். நானும் சின்ன அத்தையும் பின் சீட்டில் உட்கார்ந்து மில்லில் மிளகாய்க்குத் தனி மெஷின் வேண்டுமா என்று பேசிக்கொண்டு வந்தோம்.

புதன்கிழமை மெஷின் வந்து இறங்கியது. இப்போது கொட்டகையில் மில் ஓடுகிறது. காவாந்தண்டலத்துப் பெண்கள்கூட அரைக்க வருகிறார்கள். மிளகாய்க்குத் தனி மெஷின்தான், அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கூரை ஒழுகாத இடத்தில் இப்போது என் அரிசி மூட்டைகள் இருக்கின்றன.

வழக்கு மட்டும் முடியவில்லை. வாய்தா அன்று சித்தப்பா எங்கள் வீட்டில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு என் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொள்வார். வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில் காஞ்சிபுரம் போய், ஆளுக்கொரு வக்கீலிடம் நின்று ஒருத்தர் மேல் ஒருத்தர் குறை சொல்லிவிட்டு, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். போன தடவை வழியில் டயர் பஞ்சராகி இரண்டு பேருமே கோர்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பேசாம ராஜியா போயிடுங்களேன் சின்ன மாமா" என்றேன். "இன்னாத்துக்கு இந்த அலைச்சல்?"

சித்தப்பா பைக்குக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அவர் காதில் விழாத மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"கேஸு முடிஞ்சிட்டா அவன் என்னிய மாசாமாசம் எங்க கூட்டிக்கினு போவான்?"